பெருந்தொற்றுக் கால நிவாரணம்: அறிவிப்பா, சட்டமா?



மழை பெய்தால் பால் வெட்டு இல்லை; வெட்டு இல்லையென்றால் வருமானம் இல்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மழை ஒரு நாளில் விட்டுவிடும். ஒரு நோய் வந்து, நாட்டையே மாதக்கணக்கில் வீட்டுக்குள் பூட்டி வைத்துவிட்டால் என்ன செய்வது? வேலை நின்றது தொழிலாளியின் குற்றமன்று. முதலாளியின் குற்றம் என்றும் சொல்ல முடியாது. அப்படியானால் அந்த மாதங்களில் அரிசிக்கும் பால்மாவுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் யார் பொறுப்பு?

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபோது, இலட்சக்கணக்கான குடும்பங்களின் முன்னால் இந்தக் கேள்வி வந்து நின்றது. அதே ஆண்டு மே மாதத்தில் வேலையில்லாதோர் தொகை 8 இலட்சத்து 26 ஆயிரத்தை எட்டியது; அதாவது உழைக்கும் மக்களில் நூற்றுக்கு 5.3 பேர். அந்த நாள்களில் தொழிற்சங்கங்கள் எதைக் கேட்டன, எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். நடந்து முடிந்த கதையை இப்போது ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். அடுத்த நோய் வரும்போது நம்மிடம் என்ன இருக்கும் என்பது, சென்ற முறை நடந்ததை நாம் எவ்வளவு புரிந்துகொண்டோம் என்பதைப் பொறுத்தது. அதனால்தான் பேச வேண்டும்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம். துன்பக் காலத்தில் உதவி இரண்டு வழிகளில் வரலாம். ஒன்று அறிவிப்பு, மற்றொன்று சட்டம். அறிவிப்பு வேகமாக வரும். அதே வேகத்தில் போகவும் செய்யும். சட்டம் மெதுவாக வரும். வந்தால் நிலைத்து நிற்கும். அறிவிப்பின் கீழ் கிடைப்பதை வாங்கிக்கொள்ளலாம். சட்டத்தின் கீழ் கிடைக்க வேண்டியதைக் கேட்டு வாங்கலாம்.

தோட்டமும் தொற்றுநோயும் நமக்குப் புதிய உறவு அல்ல. பினாங்குத் தீவின் கிழக்குக் கரைக்கு எதிரே ஜெரெஜாக் என்ற சிறு தீவு இருக்கிறது. அங்கே தொழுநோயாளிகளுக்கு இல்லம் திறந்தார்கள். பின்னர் கப்பலில் வந்தவர்களைத் தடுத்து வைக்கும் இடமாகவும் அது ஆயிற்று. தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர்களில் பலர் ஜார்ஜ்டவுன் மண்ணை மிதிப்பதற்கு முன், அந்தத் தீவில்தான் நாள்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நோய் பரவாமல் காக்க விதிகள் இருந்தன. ஆனால் வேலை போனால் சோறு போட விதி இல்லை. 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதாரம் நலிந்து ரப்பர் விலை விழுந்தபோது, வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் மீண்டும் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு நிவாரணம் என்பது திரும்பிப் போவதற்கான கப்பல் சீட்டாகத்தான் இருந்தது.

இன்றைய நிலை அதுவன்று. இடையிலே சங்கங்கள் வந்தன. 1949-இல் மலாயாவில் தொழிற்சங்கக் காங்கிரஸ் உருவாயிற்று. 1954-இல் தனித்தனியாக இருந்த தோட்டச் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆயின, பி. பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளராகப் பல்லாண்டுகள் பணியாற்றினார். சட்டங்களும் வந்தன. அவற்றுள் ஒன்றைத் தோட்டக் குடும்பங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தில் 16-ஆவது பிரிவு, தோட்டத் தொழிலாளர்களுக்கென்றே எழுதப்பட்டது. தோட்டத்தில் நாள் கணக்கில் சம்பளம் பெறும் தொழிலாளிக்கு, நிர்வாகம் மாதத்தில் 24 நாளுக்குக் குறையாமல் வேலை தர வேண்டும். தொழிலாளி வேலை செய்ய விருப்பமும் உடல்தகுதியும் உள்ளவராக இருந்தும் நிர்வாகம் வேலை தரவில்லையென்றால், குறைந்த நாள்களுக்கும் வேலை செய்ததைப் போலவே சம்பளம் கொடுக்க வேண்டும். இதுதான் சட்டத்தின் கருத்து.

இதில் என்ன சிறப்பு? வேலை இல்லாத நாளின் சுமை முழுவதையும் தொழிலாளியின் தலையில் ஏற்றிவிடக் கூடாது என்பதை இந்தப் பிரிவு ஒப்புக்கொள்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் நாடு முழுவதும் எழுந்த கேள்விக்கு, தோட்டத்து அளவில் எப்போதோ எழுதப்பட்ட பதில் இது.

இனி 2020-க்கு வருவோம். எளிதாகப் புரிந்துகொள்ள, ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். நிபோங் திபால் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். அப்பா அங்கே நாள் சம்பளத்துக்குக் குலை அறுக்கிறார். அம்மா ஒரு குத்தகைக்காரரிடம் மருந்து தெளிக்கும் வேலை செய்கிறார். மகன் பத்து பிரிங்கியில் ஓர் ஹோட்டல் ஊழியர். மகள் பாயான் லெப்பாஸில் ஒரு சிறிய தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஆனால் நால்வருக்கும் நான்கு விதமான நிலை.

உணவு உற்பத்தியைச் சார்ந்தவை என்பதால் செம்பனைத் தோட்டங்கள் பெரும்பாலும் நிபந்தனைகளோடு நடக்க அனுமதிக்கப்பட்டன. அப்பாவுக்கு வேலை இருந்தது. வேலை குறைந்திருந்தாலும் 24 நாள் விதி அவருக்குத் துணை நின்றிருக்கும். மகனின் நிலை வேறு. விருந்தினர் வருகை நின்றது. ஹோட்டல் அறைகள் காலியாயின. ஆணை பிறந்த நாள்களில், இந்தக் காலத்துக்கு முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்றுதான் மனிதவள அமைச்சு முதலாளிகளுக்குச் சொன்னது. ஆனால் அது கேள்வி-பதில் வடிவில் வந்த விளக்கம். நாடாளுமன்றம் இயற்றிய புதிய சட்டம் அன்று. நடைமுறையிலோ பல இடங்களில் சம்பளமில்லா விடுப்பு, சம்பள வெட்டு, ஆட்குறைப்பு என்று வரிசையாக வந்தன. மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் இவற்றை எதிர்த்துக் குரல் கொடுத்தது.

சம்பளமில்லா விடுப்பில் அனுப்பப்பட்டவர்களுக்கு அரசாங்கம் ஓர் உதவியை அறிவித்தது. மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேற்படாதவர்களுக்கு மாதம் 600 வெள்ளி. அது சொக்சோ வழியாக வந்தது. அதற்கு விண்ணப்பிக்க வேண்டியவர் தொழிலாளி அல்லர், முதலாளி. முதலாளி முயற்சி எடுக்காவிட்டால் தொழிலாளிக்கு வழியில்லை.

மகளின் தொழிற்சாலைக்குச் சம்பள உதவித்தொகை என்ற வேறொரு திட்டம் இருந்தது. 75 பேர் வரை வேலை செய்யும் நிறுவனங்களுக்கு ஆளுக்கு மாதம் 1,200 வெள்ளி, 200 பேர் வரை என்றால் 800 வெள்ளி, அதற்கு மேல் 600 வெள்ளி என்று 2020 ஏப்ரலில் திருத்தி அறிவித்தார்கள். இந்தப் பணமும் முதலாளி கையில்தான் போயிற்று. பணம் வாங்கியவர் ஆளை நிறுத்தக் கூடாது என்பது நிபந்தனை. பொதுப் பணம் முதலாளிக்குப் போகும்போது தொழிலாளியின் வேலை நிச்சயமாகக் காக்கப்பட வேண்டும், அந்த நிபந்தனையைக் கண்காணிக்க ஆள் வேண்டும் என்பதே இத்தகைய திட்டங்களில் சங்கங்கள் பார்க்கும் முதல் விஷயம்.

அம்மாவின் நிலைதான் எல்லாரையும்விடக் கடினம். குத்தகைக்காரர் அவர் பெயரைச் சொக்சோவில் பதியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது விடுப்பு உதவியும் இல்லை, சம்பள உதவித்தொகையும் இல்லை. குடும்பத்துக்கு வந்த பரிவு உதவித்தொகை மட்டும்தான். மாத வருமானம் 4,000 வெள்ளிக்கு மேற்படாத குடும்பங்களுக்கு அது 1,600 வெள்ளி. நல்ல உதவிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் நான்கு பேர் உள்ள வீட்டில் 1,600 வெள்ளி எத்தனை வாரம் தாங்கும்?

இந்த உதவிகள் எல்லாம் அறிவிப்புகள். இவற்றின் நடுவே, முன்பே சட்டமாக நின்ற ஒன்று கைகொடுத்தது. அதன் வரலாறு நமக்கு நல்ல பாடம்.

1997, 1998-ஆம் ஆண்டுகளில் ஆசிய நாடுகளில் பணநெருக்கடி வந்தபோது, தொழிற்சாலைகளிலிருந்து ஆயிரமாயிரம் பேர் நீக்கப்பட்டார்கள். அப்போதே தொழிற்சங்கக் காங்கிரஸ் ஒரு யோசனையை முன்வைத்தது. தொழிலாளியும் முதலாளியும் மாதந்தோறும் ஒரு சிறு தொகையை ஒரு நிதியில் போட்டு வர வேண்டும். வேலை போனவருக்கு அந்த நிதியிலிருந்து சில மாதம் உதவ வேண்டும். கேட்பதற்கு எளிமையான யோசனை. ஆனால் அது சட்டமாக ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. இதனால் தங்களுக்குச் செலவு கூடும் என்று முதலாளிகள் தரப்பு எதிர்த்தது. 2017-இல் மசோதா வந்தபோது ஒவ்வொரு தரப்பும் 0.5 விழுக்காடு செலுத்த வேண்டும் என்று முதலில் சொல்லப்பட்டு, பிறகு 0.2 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 2018 ஜனவரி முதல் நாள் வேலை காப்புறுதித் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

கணக்கைப் பாருங்கள். 1,500 வெள்ளி சம்பளம் வாங்குபவருக்கு மாதம் பிடிப்பது ஏறக்குறைய 3 வெள்ளி. வேலை போனால், சட்டம் முதலில் வகுத்த அட்டவணைப்படி, முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்களில் 40, ஐந்தாம் ஆறாம் மாதங்களில் 30. ஆறு மாதமும் பெறத் தகுதியுள்ளவருக்கு மொத்தம் 4,050 வெள்ளி. மாதம் 3 வெள்ளி பெரிதா, ஆபத்துக் காலத்தில் 4,050 வெள்ளி பெரிதா? இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டு ஆண்டு கழிந்ததும் பெருந்தொற்று வந்தது. வெள்ளம் வருமுன் போட்ட அணை அது. இருபது ஆண்டுக்கு முன் அந்த யோசனையைச் சொன்னவர்கள் கொரோனாவை நினைத்தா சொன்னார்கள்? இல்லை. ஆனால் அவர்கள் விடாமல் கேட்டதன் பலன், அவர்கள் நினைத்தும் பாராத நேரத்தில் வந்து உதவியது.

சரி, பெருந்தொற்றுக்கென்றே தனிச் சட்டம் இயற்றப்படவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். இயற்றப்பட்டது. கோவிட் நோயின் பாதிப்பைக் குறைப்பதற்கான தற்காலிக நடவடிக்கைகள் சட்டம், அதாவது 829-ஆம் எண் சட்டம், 2020 ஆகஸ்ட் 25-இல் மக்களவையில் நிறைவேறி, அக்டோபர் 23-இல் அரசிதழில் வந்தது. நோயின் காரணமாக ஒப்பந்தப்படி நடக்க முடியாதவர்களுக்கு அது பாதுகாப்புத் தந்தது. எந்த ஒப்பந்தங்கள்? கட்டுமான ஒப்பந்தம், கடை வாடகை போன்ற குடியிருப்பல்லாத இடங்களின் ஒப்பந்தம், விழா மண்டப ஒப்பந்தம், சுற்றுலா ஒப்பந்தம் முதலியவை. தவணை முறையில் வாங்கிய வண்டியை, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை தவணை கட்டாத காரணத்துக்காகப் பறிமுதல் செய்வதற்கும் தடை வந்தது. மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு அது பயன்.

ஆனால் அந்தப் பட்டியலில் தொழிலாளியின் வேலை ஒப்பந்தம் இல்லை. தொழிலாளர் உறவுச் சட்டத்தைப் பொறுத்தவரை, அது செய்தது முக்கியமாகக் கால அவகாசத்தைக் கூட்டியதுதான். நியாயமின்றி நீக்கப்பட்டவர் 60 நாளுக்குள் முறையிட வேண்டும் என்பது விதி; அந்தக் கணக்கிலிருந்து 2020 மார்ச் 18 முதல் ஜூன் 9 வரையுள்ள நாள்களைத் தள்ளிவிட்டார்கள். இதுவும் தேவையானதே, வெளியே போக முடியாத காலத்தில் எப்படி முறையிடுவது? ஆனால் ஆட்குறைப்புக்கு வரம்போ, சம்பளத்துக்கு உறுதியோ அதில் இல்லை. மேலும், ஆணை பிறந்து ஏழு மாதம் கழித்தே சட்டம் வந்தது. அதற்குள் முறிக்கப்பட்டுவிட்ட ஒப்பந்தங்கள் முறிந்தவையாகவே இருக்கும் என்றும் அது சொன்னது. காலந்தாழ்ந்து வந்த குடை, நனைந்தவரை உலர்த்தாது.

மற்ற நாடுகளில் என்ன நடந்தது? இந்தியாவில் ஊரடங்கு வந்தவுடன், 2020 மார்ச் 29-இல் மத்திய அரசின் உள்துறை அமைச்சு, எல்லா முதலாளிகளும் சம்பளத்தைக் குறைக்காமல் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. முதலாளிகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். மே 18 முதல் அந்த உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது. உத்தரவு பிறப்பது எளிது, மறைவதும் எளிது என்பதற்கு இது சான்று. அமெரிக்காவில் 2020 மார்ச் 27-இல் இயற்றப்பட்ட நிவாரணச் சட்டத்தில், விமானப் பணியாளர் சங்கங்கள் வற்புறுத்தியதால் ஒரு பகுதி சேர்ந்தது. விமான நிறுவனங்களுக்குக் கொடுத்த அந்தப் பணத்தைப் பணியாளர் சம்பளத்துக்கும் சலுகைகளுக்கும் மட்டுமே செலவிட வேண்டும். செப்டம்பர் 30 வரை யாரையும் கட்டாயமாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அந்த நிபந்தனை சட்டத்திலேயே எழுதப்பட்டது, எழுதியபடி நின்றது. தவணை முடிந்த மறுநாளே ஆயிரக்கணக்கானோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டதும் உண்மை. சட்டத்தில் எழுதியது எதுவரையோ, காப்பும் அதுவரைதான்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நம் நாட்டில் பெருந்தொற்றுக் காலத்தில் பல குடும்பங்கள் உயிர்பிழைத்தது ஊழியர் சேமநிதியை எடுத்துத்தான். 2020 முதல் 2022 வரை நான்கு திட்டங்களின் கீழ் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் எடுத்த தொகை 14,500 கோடி வெள்ளி. இது நிவாரணம் என்று பெயர் பெற்றாலும், யாருடைய பணம்? தொழிலாளியின் சொந்தப் பணம். முதுமைக்கு வைத்த விதைநெல்லை எடுத்துப் பஞ்சத்தில் பொங்கித் தின்றது போலத்தான். பசி அடங்கியது, ஆனால் நாளைய விதைப்பு என்ன ஆகும்? உண்மையான நிவாரணச் சட்டம் இருந்திருந்தால் அந்த விதைநெல்லில் ஒரு பங்காவது மிஞ்சியிருக்கும்.

ஆகவே இத்தகைய சட்டம் எப்படிப் பிறக்கிறது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். தோட்டத்தில் ஒருவருக்கு வந்த குறை, கிளைக் கூட்டத்தில் பேசப்படுகிறது. கிளைகளின் தீர்மானங்கள் தலைமைச் சங்கத்துக்கும், அங்கிருந்து தொழிற்சங்கக் காங்கிரஸுக்கும் போகின்றன. அரசாங்கம், முதலாளி, தொழிலாளி ஆகிய முத்தரப்பும் அமரும் தேசியத் தொழிலாளர் ஆலோசனை மன்றத்தில் விவாதம் நடக்கிறது. அமைச்சரவை ஒப்பினால் மசோதா மக்களவைக்கு வருகிறது, மூன்று முறை வாசிக்கப்படுகிறது, மேலவைக்குப் போகிறது, மாமன்னரின் இசைவு பெற்று அரசிதழில் வெளியாகிறது. இந்த நீண்ட பாதையின் முதல் படி எங்கே இருக்கிறது? ஜார்ஜ்டவுனிலோ கோலாலம்பூரிலோ அல்ல. உங்கள் கிளைக் கூட்டத்தில் இருக்கிறது. அங்கே சொல்லப்படாத குறை நாடாளுமன்றத்துக்குப் போவதில்லை.

அந்தக் குறையை வெறும் புலம்பலாகச் சொன்னால் போதாது; சான்றோடு சொல்ல வேண்டும். எந்த மாதம், எத்தனை நாள் வேலை, எவ்வளவு சம்பளம், எவ்வளவு பிடித்தம் என்பது சம்பளச் சீட்டில் இருக்கிறது. தாய்மார்களே, அந்தச் சீட்டுகளைத் தூர எறியாமல் ஒரு டின்னில் போட்டு வையுங்கள். சொக்சோவுக்கும் வேலை காப்புறுதிக்கும் உங்கள் பெயரில் பணம் கட்டப்படுகிறதா என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது சொக்சோ அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். குத்தகைக்காரரிடம் வேலை செய்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். வேலை போனால் 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். உதவி விகிதங்களும் விதிகளும் திருத்தப்படக்கூடியவை. ஆகவே விண்ணப்பிக்கும் வேளையில் உள்ள விவரத்தை அலுவலகத்திலோ சங்கத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். குலைக்கு இவ்வளவு, டன்னுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர்கள், 24 நாள் விதி தமக்குப் பொருந்துமா என்பதைத் தம் ஒப்பந்தத்தைக் காட்டிச் சங்கத்தில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்த நோய் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்போதும் அறிவிப்புகள் வரும். அவற்றை நன்றியோடு பெற்றுக்கொள்வோம். ஆனால் நம் கற்பனைக் குடும்பத்து அம்மாவின் பெயரும் பதிவேட்டில் இருக்க வேண்டும். நிவாரணப் பணம் முதலாளி வழியாக வந்தாலும் தொழிலாளியின் வேலையைக் காக்கும் நிபந்தனை சட்டத்திலேயே இருக்க வேண்டும். சேமநிதியில் கை வைக்காமலே சில மாதம் சமாளிக்க வழி இருக்க வேண்டும். இந்த மூன்றையும் நோய் வந்த பிறகு கேட்டால் காலங்கடந்துவிடும். நோய் இல்லாத இந்த நாள்களில் கேட்பதுதான் முறை. வேலை காப்புறுதிச் சட்டத்துக்கு இருபது ஆண்டு ஆயிற்று என்று பார்த்தோம். இதற்கும் அவ்வளவு காலம் ஆகும் என்றால், இன்றைக்கே தொடங்கிவிடுவது நல்லது அல்லவா?